தேதிக்கு முன்பே வரும் வலி

கேள்வி: எனக்கு 24 வயது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, நாள் முழுக்க நின்றபடிதான். வயதுக்கு வந்ததிலிருந்தே மாதவிடாயின் முதல் நாள் வயிறு வலிக்கும். இரண்டு வருடமாக வலி தாங்க முடியவில்லை. கம்பெனியில் கொடுக்கும் மாத்திரையைப் போட்டுச் சமாளிக்கிறேன். சில சமயம் ரத்தம் கட்டியாகப் போகிறது. நாப்கின் உரசித் தொடை இடுக்கெல்லாம் புண். நாப்கினுக்குப் பதிலாக உள்ளே வைக்கும் மாதவிடாய் கப் வாங்கச் சொல்கிறார்கள் தோழிகள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு அது எதற்கு என்று அம்மா திட்டுகிறார். இப்போதெல்லாம் தேதிக்கு மூன்று நாள் முன்பே வலி வந்துவிடுகிறது, அந்த நாட்களில் டாய்லெட் போகவும் வலிக்கிறது. வலி மாத்திரை போட்டால் குழந்தை பிறக்காது, நாப்கினால் கேன்சர் வரும் என்றெல்லாம் நெட்டில் போட்டிருக்கிறார்கள். வீட்டில் வரன் பார்க்கிறார்கள். பயமாக இருக்கிறது டாக்டர்.
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: மாதவிடாய் வலிக்காக மாதத்தில் இரண்டு, மூன்று நாள் மாத்திரை போடுவதால் குழந்தை பிறக்காமல் போகாது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ், நாப்கின் இல்லை. அந்த வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது, 24 வயதிலும் போட்டுக்கொள்ளலாம். நெட்டில் இதையெல்லாம் எழுதியவர்கள் யாரும் உங்களைப் பரிசோதித்தவர்கள் இல்லை. இந்த இரண்டு பயத்தையும் இதோடு விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறு ஒரு வரியை. தேதிக்கு மூன்று நாள் முன்பே வலி, அந்த நாட்களில் மலம் கழிக்கவும் வலி. கப்புக்கும் கேன்சருக்கும் நடுவில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். மருத்துவரிடம் போய் உட்கார்ந்ததும் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

சாதாரண மாதவிடாய் வலி எப்படி வரும்? கருப்பையின் உள்சுவர் உதிரும் நேரத்தில் ப்ரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுக்கிப் பிடிக்கும், ரத்த ஓட்டம் குறையும், வலிக்கும். ஆகவே ரத்தப்போக்கு தொடங்கும்போது அல்லது அதற்குச் சில மணி நேரம் முன்பு வலி வரும். இரண்டு, மூன்று நாளில் அடங்கிவிடும். கூடவே குமட்டல், இடுப்பு வலி, தொடைக் கடுப்பு, வயிற்றுப்போக்குகூட வரலாம். வயது ஏற ஏற இந்த வலி பலருக்குக் குறையும்.

உங்களுக்கு நடப்பது அப்படி இல்லை. பல வருடம் ஒரே மாதிரி இருந்த வலி இருபதுகளில் கூடியிருக்கிறது. ரத்தம் எட்டிப் பார்க்கும் முன்பே தொடங்குகிறது. மலம் கழிக்கும்போது வலிக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். கருப்பையின் உள்சுவரில் இருப்பது போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதற்குத்தான் அந்தப் பெயர். சினைப்பையில் வளரலாம், கருப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவில் உள்ள பள்ளத்திலும் வளரலாம். அங்கே இருந்தால் ஒவ்வொரு மாதமும் அந்த இடம் புண்ணாகி வீங்கும். பக்கத்திலேயே மலக்குடல் என்பதால்தான் டாய்லெட் போகும்போது சுருக்கென்று பிடிக்கிறது.

இது அபூர்வ நோய் ஒன்றும் இல்லை. மாதவிடாய் வரும் வயதில் உள்ள பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. உங்களுக்கு இருப்பது இதுதான் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். ஆனால் பார்க்காமல் விடக் கூடாது. பலருக்கு இதைக் கண்டுபிடிக்கவே வருடக்கணக்கில் ஆகிவிடுகிறது. காரணம், "பொம்பளைப் பிள்ளைன்னா வலி இருக்கத்தான் செய்யும்" என்று வீட்டிலும் சொல்கிறார்கள், சில கிளினிக்குகளிலும் சொல்கிறார்கள்.

"கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்றும் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். கல்யாணம் எந்த நோய்க்கும் மருந்து இல்லை. எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் தாம்பத்தியத்திலும் வலி வரலாம். காரணம் தெரியாமல் புது வீட்டில் அந்தப் பெண் தவிப்பாள். குழந்தைப் பேறு பற்றித்தானே உங்கள் உண்மையான பயம்? இந்த நோய் உள்ளவர்களில் நிறையப் பேர் இயல்பாகவே கருத்தரிக்கிறார்கள். சிலருக்குத் தாமதம் ஆகும், சிலருக்குச் சிகிச்சை தேவைப்படும். முன்கூட்டியே தெரிந்தால் செய்வதற்கு வழிகள் அதிகம். அதனால் வரன் பார்க்கும் இந்த நேரத்திலேயே போங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் ஆலோசனை, ஸ்கேன், மருந்து எல்லாம் அதிலேயே கிடைக்கும். இல்லையென்றால் அரசு மருத்துவமனையின் மகப்பேறு, மகளிர் நலப் பிரிவுக்குப் போகலாம். கல்யாணம் ஆகவில்லை என்று சொன்னால் பெரும்பாலும் வயிற்றின் மேல் வைத்துத்தான் ஸ்கேன் எடுப்பார்கள். சிறுநீர்ப்பை நிரம்பும்வரை தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். சினைப்பையில் கட்டி இருந்தால் ஸ்கேனில் தெரியும். சிறு சிறு திட்டுகளாகப் படர்ந்திருந்தால் தெரியாமலும் போகும். எனவே "ஸ்கேன் நார்மல், ஒன்றுமில்லை" என்று சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். "டாய்லெட் போகும்போது ஏன் வலிக்கிறது?" என்று கேளுங்கள். ஆபரேஷன் செய்து பார்த்துத்தான் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது பழைய வழக்கம். இப்போது அறிகுறிகளை வைத்தே ஹார்மோன் மாத்திரை தொடங்குகிறோம். டையனோஜெஸ்ட் தரலாம், கருத்தடை மாத்திரையும் தரலாம். பெயரைக் கேட்டு அம்மா பதற வேண்டாம். இங்கே அது வலிக்கான மருந்து, நிறுத்தினால் மாதவிடாய் மறுபடி வந்துவிடும்.

அடுத்து, அந்தக் கம்பெனி மாத்திரை. அட்டை இல்லாமல் கையில் கொடுக்கிறார்களா? என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எப்போது காலாவதி, எதுவும் தெரியாமல் விழுங்குகிறீர்கள். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசி இந்தப் பழக்கத்தை வெளியே கொண்டுவந்தது. வேலை நிற்கக் கூடாது என்பதற்காகக் கொடுக்கப்படும் மாத்திரை அது. உங்களுக்கு வயிற்றுப் புண் இருக்கிறதா, ஆஸ்துமா இருக்கிறதா என்று கொடுப்பவர் கேட்பதில்லை. இனிமேல் அதை வாங்காதீர்கள்.

மெஃபனமிக் ஆசிட் அல்லது ஐபுப்ரோஃபென், மருத்துவர் சொல்லும் அளவில், சாப்பிட்ட பிறகு, வலி தொடங்கியதுமே போட வேண்டும். உச்சத்துக்குப் போன பிறகு போட்டால் சரியாகக் கேட்காது. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இந்த வகை மாத்திரையால் இழுப்பு வரும் ஆஸ்துமா உள்ளவர்கள் போடக் கூடாது. டெங்கு காய்ச்சல் என்ற சந்தேகம் இருந்தாலும் கூடாது. மெஃபனமிக் ஆசிட் பற்றி 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்ததும், தடை செய்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட்டார்கள். தடை எதுவும் இல்லை. மிக அரிதாக வரும் ஒரு தீவிர ஒவ்வாமையைக் கவனிக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். மாத்திரை போட்ட சில வாரங்களுக்குள் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். மற்றபடி அடிவயிற்றில் சுடுதண்ணீர்ப் பை ஒத்தடம் நன்றாகவே கேட்கும். வெந்தயம், பெருங்காய மோர் எல்லாம் பிடித்தால் சாப்பிடுங்கள். ஆனால் அதை நம்பி மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

ரத்தக் கட்டி சிறிதாக இருந்தால் கவலையே வேண்டாம். ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக அடிக்கடி போனால், அல்லது மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தால், ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும்.

இப்போது தொடைப் புண். பத்து மணி நேரம் நின்று வேலை, வியர்வை, ஈரம், உரசல். எந்த நாப்கின் வைத்தாலும் தோல் உரியத்தான் செய்யும். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். மேலே பிளாஸ்டிக் வலை போல இருப்பதைத் தவிர்த்துப் பருத்தி மேல்பரப்பு உள்ளதை வாங்குங்கள். வாசனை சேர்த்தது வேண்டவே வேண்டாம், பவுடரும் போடாதீர்கள். தொடை இடுக்கில் மெல்லிதாக வாஸ்லைன் தடவினால் உரசல் குறையும். ஓரம் சிவந்து, வட்டமாகப் பரவி அரித்தால் அது படர்தாமரை. மெடிக்கலில் "அரிப்புக்கு ஒரு டியூப்" என்று கேட்டால் பல கடைகளில் ஸ்டீராய்டு கலந்த கிரீமைத்தான் எடுத்துத் தருகிறார்கள். இரண்டு நாள் அடங்கின மாதிரி இருக்கும், அப்புறம் தொடை முழுக்கப் பரவும். இப்படி வந்து நிற்பவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டது. மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் எந்த டியூபும் வாங்காதீர்கள். துணி பயன்படுத்தினால் தவறில்லை; சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காய வேண்டும். அடுத்தவர் கண்ணில் படக் கூடாதென்று பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போடும் ஈரத் துணியால்தான் தொற்று வருகிறது.

கப் பயன்படுத்தலாம். உங்கள் வேலைக்கு அது வசதியும்கூட. ஷிப்டுக்கு முன் வைத்தால் எட்டு மணி நேரம் தாங்கும், தொடையில் உரசலும் இல்லை. 2019இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பாதுகாப்பானது என்றே முடிவுக்கு வந்தார்கள். மருத்துவத் தர சிலிக்கானில், சிறிய அளவாக வாங்குங்கள். ஒவ்வொரு மாதமும் தொடங்கும் முன்பு கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள், கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வையுங்கள். எடுக்கும்போது அடிப்பாகத்தை அழுத்திக் காற்றை விட்டபின் எடுக்க வேண்டும், வெடுக்கென்று இழுக்கக் கூடாது. கை பழக இரண்டு, மூன்று மாதம் ஆகும். முதலில் விடுமுறை நாளில் வீட்டில் வைத்துப் பாருங்கள். கம்பெனிக் கழிப்பறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் சரியாக இல்லையென்றால் அங்கே மாற்ற வேண்டாம்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: பெண்ணுறுப்பின் வாயில் உள்ள சவ்வு எல்லாருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கப் வைத்தால் அது சற்று விரியலாம். அதனால் உடம்புக்கு எந்தக் கெடுதலும் இல்லை, ஒரு பெண்ணின் ஒழுக்கத்துக்கும் அந்தச் சவ்வுக்கும் சம்பந்தமும் இல்லை. அம்மா மனம் ஒப்பவில்லை என்றால் பருத்தி நாப்கினோடு இருங்கள், அதிலும் குறை இல்லை.

மருத்துவரைப் பார்த்த பிறகே கப் வாங்குங்கள். வைக்கும்போது வாசலில் கொஞ்சம் இறுக்கமாக இருப்பது பழகினால் போகும். உள்ளே ஆழத்தில் வலித்தால் உடனே எடுத்துவிட்டு, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நோய் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அது அவருக்கு உதவும்.