குந்தவையும் நந்தினியும் முறைத்துக்கொள்ளும்போது: ஃபேன்ஃபிக் கேள்வி பதில்

பொன்னியின் செல்வன் பாத்திரங்களை வைத்து ஃபேன்ஃபிக், அதாவது ரசிகர் கதை, எழுத ஆரம்பித்து எட்டு வருஷம் ஆகிறது. ஒருநாள் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லுங்கள் என்று நச்சரித்தீர்கள். சரி, வந்துவிட்டேன். பாதிக் கேள்வி குந்தவை–நந்தினி பற்றித்தான். எதிர்பார்த்ததுதான்.

அக்கா, இரண்டு பேரும் பரம எதிரிகள். அவர்களைக் காதலர்களாக எழுதுகிறார்களே, நாவலில் அப்படி எங்கே இருக்கிறது?

நாவலில் காதல் இல்லை, கவனம் இருக்கிறது. பழையாறையில் இருக்கும் சோழ இளவரசி குந்தவைக்குத் தஞ்சையில் பழுவூர் இளையராணி நந்தினி என்ன செய்கிறாள் என்று தெரிந்தாக வேண்டும். நந்தினிக்கும் அப்படியே. தன் கணவர் பெரிய பழுவேட்டரையரை நந்தினி இவ்வளவு கவனித்திருந்தால் அந்தக் கிழவர் பூரித்துப் போயிருப்பார்! போதாததற்கு, கதாநாயகன் வந்தியத்தேவன் கண் வழியாகக் கல்கி இருவர் அழகையும் அருகருகே நிறுத்தி எடை போடுகிறார். இதைப் பொறாமை என்று படிக்கலாம், பயம் என்றும் படிக்கலாம், ஈர்ப்பு என்று படிப்பவர்களும் இருக்கிறார்கள்.

எனக்குப் படுவது குற்ற உணர்ச்சி. சின்ன வயதில் நந்தினி பழையாறைக்கு வந்தபோது அவளை ஒதுக்கியவள் குந்தவை. பிற்பாடு அவள் தன் சொந்த அக்காவாக இருக்கலாம் என்று குந்தவைக்குத் தெரியவருகிறது. நந்தினிக்கோ அப்போது அது தெரியாது. ஒருத்தியின் பகை அப்படியே இருக்கிறது, இன்னொருத்தியின் பகை உள்ளுக்குள் கரைந்துவிட்டது. ஆனாலும் வெளியே அதே முறைப்புதான். எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்படியானால் அக்கா தங்கை ஆகிவிடுகிறதே. காதல் கதை எழுதலாமா?

அந்த உறவை எடுத்துவிட்டு எழுதுகிறீர்கள் என்றால் மாற்றுலகம், அதாவது ‘ஏயூ’ என்று டேக் போட்டுவிடுங்கள். நான் எழுதுவதில்லை. எழுதுகிறவர்களோடு சண்டைக்கும் போவதில்லை.

ஏஓ3 என்ற ரசிகர் கதைத் தளத்தில் பெயர்களுக்கு நடுவே சாய்கோடு (/) போடுவதா, ‘&’ போடுவதா?

சாய்கோடு என்றால் காதல் அல்லது காமம். ‘&’ என்றால் நட்பு, உறவு, பகை எதுவானாலும். 1970களில் ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க டிவி தொடரின் ரசிகர்கள் கிர்க், ஸ்பாக் இருவர் பெயருக்கும் நடுவே போட்ட கோடு அது. ‘ஸ்லாஷ்’ என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். அப்புறம், மொழி என்ற இடத்தில் மறக்காமல் தமிழைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தமிழ்க் கதை தேடுகிறவர் கண்ணில் உங்கள் கதை படாது.

நான் எழுதினால் இருவரும் திட்டிக்கொள்கிறார்கள், ஆனால் உரசல் வரவில்லை. ஒரு வரி அனுப்பியிருக்கிறேன்: “குந்தவை மனதுக்குள் நந்தினியின் மேல் எரிச்சலடைந்தாள்.”

எரிச்சல் என்று நீங்களே சொல்லிவிட்டால் வாசகருக்கு என்ன வேலை மிச்சம்? இப்படிப் பாருங்கள்: “குந்தவை வெற்றிலையின் காம்பைக் கிள்ளினாள். வெளியே சிலம்பொலி வாசல்வரை வந்து நின்றது. கிள்ளிய வெற்றிலையையே மறுபடி கிள்ளினாள்.” நந்தினி இன்னும் உள்ளே வரவே இல்லை. திட்டுகிற வசனத்தில் பாதியை வெட்டிவிட்டு, யார் முதலில் பார்வையை விலக்குகிறார்கள் என்பதை மட்டும் எழுதிப் பாருங்கள் தங்கச்சி.

காப்புரிமைப் பிரச்சினை வருமா?

நாவலுக்கு வராது. 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது, கல்கி 1954லேயே காலமானார், அவருடைய எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமையும் ஆக்கிவிட்டது. மணிரத்னம் படத்தின் வசனம், ஸ்டில் வேறு விஷயம். அவற்றை எடுத்து அப்படியே ஒட்டாதீர்கள். ஏஓ3யில் கதைக்குக் கீழே காசு கேட்டு லிங்க் போடுவதும் கூடாது. இன்னொன்று, குந்தவையின் அண்ணன், நாவலில் நந்தினியின் பழைய காதலன், ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களில் ரவிதாசனின் பெயர் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. நந்தினி பெயர் இல்லை, அவள் கல்கியின் கற்பனை. கல்வெட்டில் விட்டுப்போன இடத்தில் ஒரு பெண்ணை உட்காரவைத்தவர் அவர். நாம் அவர் விட்ட இடத்தில் உட்காருகிறோம், அவ்வளவுதான்.

யாருமே கமெண்ட் போடுவதில்லை.

எனக்கும்தான். நீங்கள் நாலு கதைக்குப் போட்டுப் பாருங்கள்.

எல்லாருக்கும் தெரிந்த முடிவுக்கும் எச்சரிக்கை டேக் வேண்டுமா? கரிகாலன் சாவது தெரிந்ததுதானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன் தம்பி. படத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பரில் வந்தது, இரண்டாவது 2023 ஏப்ரலில். இடைப்பட்ட காலத்தில் கரிகாலன் சாகிற கடம்பூர் மாளிகையை வைத்து ஒரு கதை போட்டேன், ‘முக்கியப் பாத்திரம் இறப்பு’ என்று டேக் போடவில்லை. செத்து ஆயிரம் வருஷம் ஆன மனிதருக்கு எதற்கு எச்சரிக்கை என்று ஒரு மிதப்பு. நாவலைப் படிக்காமல் முதல் படம் மட்டும் பார்த்த ஒரு பெண் ராத்திரி இரண்டு மணிக்கு எழுதியிருந்தாள்: “அடுத்த பாகத்தில் நந்தினியும் அவரும் சேர்ந்துவிடுவார்கள் என்று இருந்தேன்.” எழுந்து உட்கார்ந்து டேக்கைச் சேர்த்தேன்.