காஸோடு ஆயிலும் போயிருக்குமா?

கேள்வி: என் கார் 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். முன்பக்க கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் ஏசி கண்டென்சரில் (காஸின் சூட்டை வெளியேற்றும் பாகம்) கல் அடித்து ஓட்டையாகி, ஏசி காஸ் முழுவதும் போய்விட்டது. ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்டில் கண்டென்சர், காஸ் தவிர ‘கம்ப்ரஸர் ஆயில் 100 மி.லி.’ என்றும் போட்டிருக்கிறார்கள். தெரிந்த மெக்கானிக்கோ, “ஆயிலெல்லாம் வேண்டாம், காஸ் அடித்தால் போதும்” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஈரோடு வாசகர்

பதில்: ஆயில் வேண்டும். ஆனால் 100 மி.லி. வேண்டியிருக்காது.

காஸை அழுத்திச் சுற்றவிடும் ஏசி கம்ப்ரஸருக்கு என்ஜின் போலத் தனி ஆயில் பம்ப் கிடையாது. காஸோடு கலந்து சுற்றிவரும் ஆயில்தான் அதைத் தேயாமல் காப்பாற்றுகிறது. சின்ன கார்களில் மொத்த ஆயிலே 100 மி.லி. சொச்சம்தான் இருக்கும். அதில் ஒரு பங்கு கழற்றிய கண்டென்சருக்குள்ளேயே போய்விடும். ஓட்டை வழியாகச் சீறிய காஸும் கொஞ்சம் இழுத்துப் போயிருக்கும். பழைய கண்டென்சரைப் பாருங்கள்: ஓட்டையைச் சுற்றிப் பிசுபிசுவென்று தூசி அப்பியிருந்தால், அது வெளியேறிய ஆயில். மாதக்கணக்கில் மெல்லக் கசிந்த வண்டியில் இந்த இழப்பு குறைவு; உங்களுடையது போல ஒரேயடியாகப் போனால் அதிகம்.

கண்டென்சர் மாற்றினால் பொதுவாக 30 முதல் 40 மி.லி. சேர்ப்பார்கள். சரியான கணக்கு உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே உள்ளே மிச்சம் இருக்கும்போது 100 மி.லி. ஊற்றினால் ஆயில் கூலிங் காயிலுக்குள் படிந்து குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸரும் திணறும். குறைந்தால் கம்ப்ரஸர் ஜாம் ஆகும். அதைவிடப் பெரிய செலவு இந்த வேலையில் கிடையாது. அதனால் அந்த மெக்கானிக் சொல்வதைக் கேட்டு ஆயிலே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். (கம்ப்ரஸரே புதிதாக மாற்றினால் கணக்கு வேறு. புதியது பெரும்பாலும் ஆயிலோடுதான் வரும். பழையதைக் கவிழ்த்து, வடிந்ததை அளந்து அதற்கேற்பச் சரிசெய்ய வேண்டும்.)

அப்புறம், எந்த ஆயில் என்று கேளுங்கள். உங்கள் வண்டியில் ஆர்-134ஏ காஸ் இருக்கும், அதற்கு பிஏஜி (PAG) என்ற வகை ஆயில். அதிலேயே 46, 100, 150 என்று கெட்டித்தன்மை வேறுபடும். பானெட்டுக்கு அடியிலோ கம்ப்ரஸரிலோ இருக்கும் ஸ்டிக்கரில் காஸின் எடை கிராமில் இருக்கும், பல வண்டிகளில் ஆயில் வகையும் இருக்கும். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை வெகு சீக்கிரம் உறிஞ்சும். என்றோ திறந்து பாதி தீர்ந்த டப்பாவை எடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

குழாய் இணைப்புகளில் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) புதிதாகப் போட்டு, நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்த்து, உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் போக அரை மணி நேரமாவது வேக்யூம் இழுத்த பிறகுதான் காஸ். பில்லில் ‘ஆயில்’ என்று மட்டும் போடாமல் வகையும் மில்லியும் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: ஹைபிரிட் காருக்கும் இதே ஆயில்தானா?
– கோவை வாசகர்

பதில்: பெரும்பாலும் இல்லை. மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரஸரில் மோட்டார் உள்ளேயே இருப்பதால், மின்சாரம் கடத்தாத பிஓஇ (POE) என்ற வகை ஆயில் கேட்கும் வண்டிகள்தான் அதிகம். சாதாரண பிஏஜி கொஞ்சம் கலந்தாலும் மோட்டாரின் இன்சுலேஷன் பாழாகலாம். முந்தைய வண்டிக்குக் காஸ் ஏற்றிய மெஷினின் ஹோஸில் ஒட்டியிருக்கும் ஆயில்கூட ஆகாது. ஹைபிரிட்டுக்கென்று தனி மெஷினோ, ஹோஸைச் சுத்தம் செய்யும் வசதியோ இல்லாத கடையில் கை வைக்க விடாதீர்கள்.