முதலில் படம், பிறகு தேதி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நவீன இத்தாலிய ஓவியத்தை ஒழுங்காகப் படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் வேலைநிறுத்தம், போர், முசோலினி என்றே பக்கங்கள் போகின்றன. ஓவியம் வருவதற்குள் களைத்துவிடுகிறேன். கண்ணால் பார்த்தால் போதாதா? இவ்வளவு அரசியலையும் சுமந்துகொண்டு பார்த்தால் ரசனை போய்விடாதா? அப்புறம், ஹிட்லரைப் போல முசோலினியும் நவீன ஓவியத்தைத் தடைசெய்திருப்பார்தானே? அந்த இருபது ஆண்டுகளில் பார்க்க என்ன இருக்கப்போகிறது?

ர., கோவை

அன்புள்ள ர.,

உங்கள் கடைசிக் கேள்வியே முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறது. முசோலினி தடைசெய்யவில்லை. நாஜிகள் 1937-ல் மியூனிக்கில் நவீன ஓவியங்களைச் ‘சீரழிந்த கலை’ என்று தொங்கவிட்டுக் கேலி செய்தார்கள். இத்தாலியிலோ 1926-ல் மிலானில் ‘நோவெசென்டோ’ (இருபதாம் நூற்றாண்டு) என்ற குழுவின் ஓவியர்கள் நடத்திய கண்காட்சித் திறப்பில் முசோலினியே பேசினார். அந்தக் குழுவை முன்னின்று நடத்திய மார்கெரிட்டா சர்ஃபாட்டி, முசோலினியின் காதலி, அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர், யூதர். 1938-ல் யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்கள் வந்தபோது நாட்டை விட்டு வெளியேறினார். விரட்டுவதைவிடக் கலைஞர்களை வளைத்துப் போடுவதே தனக்கு லாபம் என்று அந்த அரசு கணக்குப் போட்டிருந்தது.

வளைக்கவே தேவையில்லாமல் தானாகப் போனவர் மாரியோ சிரோனி. மனமுவந்த ஃபாசிஸ்ட். கட்சிப் பத்திரிகைக்குச் சித்திரம் போட்டவர். அவர் 1920-களில் வரைந்த மிலான் புறநகர்க் காட்சிகளைப் பாருங்கள்: ஆளில்லாத தெரு, ஆலைச் சுவர், ஒற்றை லாரி, புகைநிற வானம். புதிய இத்தாலி எழுகிறது என்று கட்சி முழங்கிக்கொண்டிருந்தபோது கட்சிக்காரரின் தூரிகையில் வந்தது இந்த மூச்சுமுட்டல். ரோம் பல்கலைக்கழகப் பேரரங்கில் 1935-ல் அவர் வரைந்த பிரம்மாண்டமான சுவரோவியம் இதற்கு நேர் எதிர், அரசு கேட்டதைக் கொடுக்கும் படம். போர் முடிந்ததும் அதை மறைத்தார்கள். 1950-ல் ஃபாசிசச் சின்னங்களை அழித்து, மேலே வேறு வண்ணம் பூசித் ‘திருத்தினார்கள்’. மேல்பூச்சை நீக்கி மூலத்தை மீட்டது 2017-ல்தான். சிரோனியின் உயிர் தப்பியதும் ஒரு கதை. 1945 ஏப்ரலில் ஃபாசிச எதிர்ப்புப் படையினர் அவரை மடக்கியபோது, அவர்களில் ஒருவர் ஓவியரை அடையாளம் கண்டு போகவிட்டார். பின்னாளில் குழந்தைகளுக்கான கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஜான்னி ரோடாரி அவர்.

சரி, ரசனை போய்விடாதா என்கிறீர்கள். புத்தகத்தின் வரிசையில் போனால் போய்விடும்தான். நான் சொல்வேன், தலைகீழாகப் போங்கள். ஒரு படத்தை எடுத்துத் தேதி எதுவும் தெரியாமல் அரைமணி நேரம் பாருங்கள். பெல்லிட்ஸா டா வோல்பேடோவின் ‘நான்காம் வர்க்கம்’ இதற்குத் தோதான படம். கிட்டத்தட்ட ஐந்தரை மீட்டர் அகலம். ஒரு தொழிலாளர் கூட்டம் நம்மை நோக்கி நடந்து வருகிறது. நடுவில் தொப்பி போட்டவர் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மறுகையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவசரமே இல்லாமல் வருகிறார். பக்கத்தில் வெறுங்காலோடு, கைக்குழந்தையோடு ஒரு பெண், அவரிடம் ஏதோ சொல்கிறாள். கொடி இல்லை, ஆயுதம் இல்லை, யாரும் கத்தவில்லை. எதிரில் இருப்பது யார் என்று ஓவியர் காட்டவில்லை. அந்த இடத்தில் நாம் நிற்கிறோம்.

ஏன் இவ்வளவு அமைதி என்ற கேள்வி உங்களுக்குள் வந்த பிறகு தேதிகளுக்குப் போங்கள். 1898 மே மாதம் ரொட்டி விலையேற்றத்தை எதிர்த்து மிலானில் தெருவுக்கு வந்தவர்கள்மீது ஜெனரல் பாவா பெக்காரிஸ் பீரங்கியால் சுட்டார். அரசர் உம்பெர்டோ அவருக்குப் பதக்கம் கொடுத்தார். 1900 ஜூலையில் அரசே கூடாது என்ற அனார்கிஸ்ட் ஒருவர் அரசரையே சுட்டுக்கொன்றார். பெல்லிட்ஸா இந்தப் படத்தை வரைந்தது 1898 முதல் 1901 வரை. பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் வெறுங்கையோடு நடக்கிற மனிதர்களை அவர் வரைந்திருக்கிறார். மாதிரியாக நின்றவர்கள் அவருடைய சொந்த ஊர்க்காரர்கள். அந்தப் பெண் அவர் மனைவி தெரேசா. மனைவி இறந்த துயரத்தில் 1907-ல் ஓவியர் தற்கொலை செய்துகொண்டார்.

படம் வரைந்து முடித்ததோடு வரலாறு முடிவதில்லை என்பதையும் இதே படம் காட்டும். 1902-ல் தூரின் கண்காட்சியில் பரிசும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. 1920-ல் மக்களிடம் பணம் திரட்டி மிலான் நகரத்துக்காக வாங்கி, ஸ்ஃபோர்ஸா கோட்டையில் மாட்டினார்கள். ஃபாசிச ஆட்சியில் கிடங்குக்குப் போனது. போருக்குப் பின் மாநகராட்சி மாளிகையில் இடம் கிடைத்தது. படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை, மாட்டிய சுவர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. ஓவிய வரலாற்றில் பாதி இந்தச் சுவர்களின் கதைதான் என்பது என் கட்சி. அதைத் தெரிந்துகொள்வதால் அந்தப் பெண்ணின் கால்விரல்கள் எனக்கு மங்கிப்போகவில்லை.

இந்தச் சாவி எல்லாப் பூட்டுக்கும் சேராது. பொலோன்யாவில் சகோதரிகளோடு வாழ்ந்து, வாழ்நாள் முழுக்கக் குப்பிகளையும் ஜாடிகளையும் வரைந்த ஜார்ஜோ மொராண்டியைப் போருக்கு எதிரானவர் என்றோ ஆட்சிக்கு ஒத்துப்போனவர் என்றோ அந்தக் குப்பிகளை வைத்து நிரூபிக்க முயல்கிறவர்கள் உண்டு. ஃபாசிசக் கலைவட்டங்களில் அவருக்கு நண்பர்கள் இருந்ததும் உண்மை, ஃபாசிச எதிர்ப்பியக்க நண்பர்களோடு இருந்த தொடர்பால் 1943-ல் சில நாள் கைதானதும் உண்மை. இரண்டும் தெரிந்திருக்கட்டும், ஆனால் குப்பிகளிடம் வாக்குமூலம் கேட்காதீர்கள்.

அடுத்ததாக ரெனாட்டோ குட்டுசோவின் ‘சிலுவையேற்றம்’ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபாசிச அமைச்சர் ஒருவரின் ஆதரவில் நடந்த பெர்கமோ போட்டியில் 1942-ல் இரண்டாம் பரிசு வாங்கிய படம். வரைந்தவர் ரகசியக் கம்யூனிஸ்ட், கண்டித்தது திருச்சபை. முதலில் படத்தைப் பாருங்கள், சண்டையைப் பிறகு படிக்கலாம். பார்த்துவிட்டு எழுதுங்கள்.