ஒன்ராறியோவில் சட்டபூர்வக் கஞ்சா விற்பனை: கேள்வி பதில்

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வமானது. ஒன்ராறியோ மாகாணத்தில் அதன் விற்பனை ஒழுங்குமுறை பற்றி ரொறன்ரோத் தமிழர்கள் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: ஐயா, கடை திறக்க விரும்புகிறேன். சரக்கை விவசாயிகளிடமிருந்து நேரடியாக வாங்கலாமா?

பதில்: முடியாது. பயிரிடுவோருக்கும் பொதி செய்வோருக்கும் மத்திய சுகாதாரத் துறை உரிமம் அளிக்கிறது. அவர்களுடைய சரக்கு மாகாண அரசின் மொத்த விற்பனை நிறுவனத்துக்குச் செல்கிறது. கடைக்காரர் அங்கிருந்தே வாங்க வேண்டும். பாடசாலையிலிருந்து 150 மீற்றருக்குள் கடை அமையக்கூடாது. 19 வயது நிரம்பாதவருக்கு விற்கக்கூடாது என்பதால், 25 வயதுக்குக் குறைந்தவராகத் தோன்றும் எவரிடமும் அடையாள அட்டை கேட்பது உங்கள் கடமை.

கேள்வி: ரொறன்ரோவுக்கு அருகிலுள்ள மார்க்கம் நகரில் ஏன் கடைகளைக் காணவில்லை?

பதில்: கடைகள் வேண்டாமென்று முடிவெடுக்க, 2019 ஜனவரி 22 வரை நகரசபைகளுக்கு அவகாசம் தரப்பட்டது. மார்க்கம் அப்போது மறுத்துவிட்டது. மறுத்த நகரம் பின்னர் இணங்கலாம். இணங்கிய நகரம் பின்வாங்க முடியாது.

கேள்வி: சட்டபூர்வக் கடைகள் இருந்தும் கள்ளச் சந்தை ஏன் ஒழியவில்லை?

பதில்: காரணங்கள் பல, வரியமைப்பை நான் முதன்மையாகக் கருதுகிறேன். உலர்ந்த கஞ்சாப் பூவுக்கு கிராமுக்கு 1 டொலர் அல்லது உற்பத்தியாளர் விலையில் 10 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது கலால் வரியாகும். கிராம் ஏறத்தாழ 10 டொலருக்கு விற்கும் என்ற கணக்கில் வகுக்கப்பட்ட இந்த விதி, விலை சரிந்த பிறகும் மாறவில்லை. ஆகவே 28 கிராம் பையொன்றின் விலை எவ்வளவு விழுந்தாலும் அதன் மீதான வரி 28 டொலருக்குக் குறைவதில்லை. பரிசோதனைச் செலவையும் உரிமக் கட்டணத்தையும் ஏற்று நேர்மையாகத் தொழில் செய்பவர் இந்தச் சுமையையும் தாங்க, எதையும் செலுத்தாத கள்ள வியாபாரி விலையைக் குறைத்து விற்கிறார். கிராம் கணக்கைக் கைவிட்டு விலையின் விகிதமாக மட்டுமே வரி விதிப்பதுதான் நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: தம்பி, என் மகனின் பையில் கஞ்சா மிட்டாய்ப் பொதி ஒன்று கிடந்தது. கடைச் சரக்கா, கள்ளச் சரக்கா என்று எப்படி அறிவது?

பதில்: அம்மா, பொதியைக் கையிலெடுத்துப் பாருங்கள். சட்டபூர்வப் பொதியில் கஞ்சா இலை வரைந்த சிவப்பு எண்கோணக் குறியும், மஞ்சள் கட்டத்துக்குள் சுகாதார எச்சரிக்கையும், மாகாணத்தின் பெயருடன் வரி முத்திரையும் இருக்கும். சிறு பிள்ளைகளால் எளிதில் திறக்கவும் முடியாது. ஒரு பொதியில் போதை தரும் டிஎச்சி 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பிரபல மிட்டாயின் உறையைப் போல வண்ணப் படங்களுடன், நூற்றுக்கணக்கான மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தால் அது கள்ளச் சரக்கேதான். உண்ட பின் போதை ஏற இரண்டு மணி நேரம்கூட ஆகலாம் என்பதால், ஒன்றும் செய்யவில்லையே என்று பிள்ளைகள் மேலும் உண்டுவிடுவதே என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. சிறு பிள்ளை உண்டுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: இங்கு வாங்கியதைச் சென்னைக்கு எடுத்துச் செல்லலாமா?

பதில்: கூடாது. பொது இடத்தில் 30 கிராம் வரை வைத்திருக்கும் அனுமதி கனடாவுக்குள் மட்டுமே செல்லும். எல்லை கடத்துவது கனடாச் சட்டப்படியே குற்றம். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் உங்கள் மீது பாயும். பற்றுச்சீட்டோ வரி முத்திரையோ அங்கு உதவாது.