ரூட் 66 முழுதும் ஓட்டிய பிறகு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சிகாகோவில் கிளம்பி சான்டா மோனிகாவில் கடலைப் பார்க்கும்வரை, அமெரிக்காவின் பழைய நெடுஞ்சாலையான ரூட் 66-ஐ நானும் கணவரும் ஓட்டி முடித்தோம். அதற்கு முன்பே துண்டு துண்டாக அந்தச் சாலையில் நிறைய அலைந்திருக்கிறேன். படங்களைப் போட்டதிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. பலர் கேட்டதையே திரும்பக் கேட்பதால், எல்லாவற்றையும் சேர்த்து இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (ஆஸ்டின்): அக்கா, அந்தச் சாலையையே எப்போதோ எடுத்துவிட்டார்கள் என்று படித்தேன். அப்படியென்றால் நீங்கள் எதை ஓட்டினீர்கள்?

எடுத்தது எண்ணைத்தான் தம்பி, தார் அப்படியே கிடக்கிறது. 1926 நவம்பர் 11 அன்று இந்தச் சாலை அதிகாரபூர்வமாகப் பட்டியலில் ஏறியது. சிகாகோவையும் லாஸ் ஏஞ்சலஸையும் இணைக்கும் சாலை தன் ஊர் வழியாகத்தான் போகவேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர் ஓக்லஹோமா மாநிலத்து டல்சாவைச் சேர்ந்த சைரஸ் ஏவரி. எட்டு மாநிலங்கள், ஏறத்தாழ 2,448 மைல். முழுதும் தார் போட்டு முடிக்கவே 1938 ஆகிவிட்டது. 1956-இல் மாநிலங்களை இணைக்கும் அதிவேகச் சாலைகளைப் போடுவதற்கான இன்டர்ஸ்டேட் சட்டம் வந்தது. அதன்பிறகு ஐ-55, ஐ-44, ஐ-40 என்று ஒவ்வொன்றாக வந்து ஊர் ஊராக இதை ஒதுக்கின. கடைசியாக ஒதுக்கப்பட்ட ஊர் அரிசோனாவின் வில்லியம்ஸ், 1984 அக்டோபரில். அடுத்த ஆண்டு ஜூன் 27 அன்று 66 என்ற எண்ணையே நீக்கிவிட்டார்கள்.

இன்று அதே பாதை ஓர் ஊரில் கடைவீதி, அடுத்த ஊரில் மாநிலச் சாலை, அப்புறம் இன்டர்ஸ்டேட்டை ஒட்டி ஓடும் சர்வீஸ் ரோடு. சில இடங்களில் யாரோ ஒருவரின் மேய்ச்சல் நிலத்து வேலியில் முட்டி நின்றுவிடும். இருந்தாலும் 85 சதவீதத்துக்கு மேல் இன்னும் ஓட்டலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

கேள்வி (டொராண்டோ): "முழுதும் முடித்தேன்" என்று சொல்ல என்ன கணக்கு? நடுவில் ஐ-40-இல் ஏறினால் அது ஏமாற்று இல்லையா?

டெக்சஸிலும் நியூ மெக்சிகோவிலும் சில இடங்களில் பழைய சாலையின் மேலேயே ஐ-40-ஐப் போட்டுவிட்டார்கள். அங்கே வேறு வழியே கிடையாது, ஏறித்தான் ஆகவேண்டும். அதோடு சாலை ஒரே இடத்திலும் இருக்கவில்லை. 1937 வரை சான்டா ஃபே ஊரைச் சுற்றிக்கொண்டு போனது. பிறகு அதை வெட்டிவிட்டு நேராக ஆல்புகர்க்கிக்கு விட்டார்கள். இரண்டுமே அசல் 66தான், ஒரே பயணத்தில் எதையாவது ஒன்றைத்தான் ஓட்டமுடியும். அதனால் நூற்றுக்கு நூறு என்று யாராவது சொன்னால் நான் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன்.

என் கணக்கு எளிது. பழைய தார் இருந்து, வழி திறந்தும் இருந்தால், அதில்தான் போகவேண்டும். மணிக்கு 75 மைலில் பறக்கும் சாலை பக்கத்திலேயே தெரியும்போது 40 மைலில் உருட்டிக்கொண்டு போகப் பொறுமை வேண்டும். இரண்டாம் வாரத்தில் அது குறைய ஆரம்பிக்கும், "இந்த ஒரு எக்ஸிட்டை மட்டும் விட்டுவிடலாமே" என்று தோன்றும். அதற்கு இடம் கொடுத்தால் அப்புறம் நீங்கள் ஓட்டுவது ஐ-40தான்.

கேள்வி (பெங்களூரு): முடிவு என்பது சான்டா மோனிகாவில் கடலுக்குள் நீளும் மேடையான பியரில் இருக்கும் அந்தப் பலகைதானே?

படத்துக்கு அதுதான். ஆனால் நெடுஞ்சாலை ஒருநாளும் அந்தப் பியரில் ஏறியதில்லை, பலகையே 2009-இல் வைத்ததுதான். 1926-இல் சாலை முடிந்தது லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்தில், ஏழாவது தெருவும் பிராட்வேயும் சந்திக்கும் இடத்தில். 1936-இல் சான்டா மோனிகாவரை நீட்டி, லிங்கன் பூல்வார்டும் ஒலிம்பிக் பூல்வார்டும் சேரும் சந்திப்பில் முடித்தார்கள். அங்கே போய் நின்றால் சிக்னலும் வாகன இரைச்சலும் தவிர ஒன்றும் இல்லை. கடலும் தெரியாது. எங்களுக்குப் பின்னால் வந்தவர் ஹார்ன் அடித்தார்.

இது போக, சான்டா மோனிகா பூல்வார்டு கடற்கரைப் பூங்காவில் முட்டும் இடத்தில் நடிகர் வில் ராஜர்ஸ் பெயரில் ஒரு நினைவுப் பட்டயம் இருக்கிறது. நாங்கள் முதலில் சந்திப்பு, அடுத்து பட்டயம், கடைசியில் பியர் என்று மூன்றையும் பார்த்தோம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சான் பெர்னார்டினோவிலிருந்து கடல்வரை பழைய பாதை என்பது சிக்னலுக்கு மேல் சிக்னல். ஃபுட்ஹில் பூல்வார்டில் ஊருக்கு ஊர் நின்று நின்றுதான் போகமுடியும். அந்தக் கடைசி எண்பது மைலுக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள். மாலை ஐந்து மணிக்கு லாஸ் ஏஞ்சலஸுக்குள் நுழைந்து சூரியாஸ்தமனத்துக்குப் பியரில் நிற்கலாம் என்று திட்டம் போடாதீர்கள், நடக்காது.

கேள்வி (சென்னை): எத்தனை நாள் வேண்டும்? எந்த மாதம்?

இரண்டு வாரம் இருந்தால் ஆற அமரப் போகலாம். பத்து நாளுக்குக் குறைவு என்றால் முழுச் சாலையும் வேண்டாம், ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களும் பரவாயில்லை, ஆனால் ஓக்லஹோமா பக்கம் சூறாவளிப் பருவம், வானிலை எச்சரிக்கையைப் பார்த்தபடி இருக்கவேண்டும். ஜூலையில் மொஹாவி பாலைவனம் 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்தும். குளிர்காலத்தில் ஃப்ளாக்ஸ்டாஃபில் பனி கொட்டும். அந்த ஊர் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது.

மேற்கு நோக்கிப் போகும்போது மாலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும். காலை ஆறரைக்கே கிளம்பி நான்கு மணிக்கு விடுதிக்குள் போய்விடுங்கள். மாலையில் திறந்திருக்கும் அருங்காட்சியகம் என்று எதுவும் அந்தச் சிற்றூர்களில் இல்லை, அதனால் நஷ்டமும் இல்லை.

கேள்வி (டென்வர்): மேப் ஆப் போட்டால் போதாதா?

போதாது. ஐந்து நிமிடம் மிச்சம் என்று உங்களை இன்டர்ஸ்டேட்டில் தள்ளுவதிலேயே அது குறியாக இருக்கும். திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லும் அச்சுக் கையேடு ஒன்று வாங்கி, பக்கத்து இருக்கையில் இருப்பவர் கையில் கொடுங்கள். இல்லினாயில் பழுப்புப் பலகைகளில் எந்த ஆண்டுப் பாதை என்பதையும் போட்டிருப்பார்கள். ஓக்லஹோமாவின் மயாமி ஊருக்குத் தெற்கே ஒரு துண்டு இருக்கிறது, அகலம் ஒன்பதே அடி. எதிரே வண்டி வந்தால் இருவருமே ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் கடக்கவேண்டும். நடுவில் தார் பெயர்ந்து, ஓரத்தில் பழைய கான்கிரீட் விளிம்பு மட்டும் வெள்ளையாக எட்டிப் பார்க்கும். எந்த ஆப்பும் உங்களை அங்கே அனுப்பாது.

கேள்வி (நியூ ஜெர்சி): எனக்கு லீவு நான்கு நாள்தான். ஒரே ஒரு பகுதி என்றால் எதைச் சொல்வீர்கள்?

யோசிக்கவே வேண்டாம், அரிசோனா. செலிக்மனிலிருந்து கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கும் டோபாக் வரை ஏறக்குறைய 160 மைல், விடாமல் பழைய சாலை. 66-இல் இவ்வளவு நீளமாக அறுபடாமல் மிஞ்சியது இது ஒன்றுதான்.

செலிக்மன் சின்ன ஊர். 1978-இல் ஐ-40 திறந்த அன்றே ஊருக்குள் வண்டி வருவது நின்றுபோனது. அங்கே முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஏஞ்சல் டெல்கடியோ 1987-இல் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிச் சங்கம் அமைத்து, இதை வரலாற்றுச் சாலையாக அறிவிக்க வேண்டும் என்று மாநில அரசை நச்சரித்துச் சாதித்தார். மற்ற மாநிலங்களில் சங்கங்கள் முளைத்தது அதன்பிறகுதான். அரசாங்கம் கைகழுவிய சாலையை மறுபடி வரைபடத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு முடிதிருத்துநர் என்பது எனக்கு இந்தப் பயணத்திலேயே பிடித்த செய்தி.

அடுத்து கிங்மன் தாண்டி சிட்கிரீவ்ஸ் கணவாய். சாலை குறுகல், கொண்டைஊசி வளைவுகள், பல இடங்களில் ஓரத்தடுப்பே கிடையாது. பழைய ஃபோர்டு மாடல் டி வண்டிகளில் பெட்ரோல் தானாக வழிந்துதான் எஞ்சினுக்குப் போகும், ஏற்றத்தில் போகாது. அதனால் ரிவர்ஸ் கியரிலேயே மலை ஏறினார்களாம். கணவர் கொல்லிமலையில் ஓட்டியவர், அலட்டிக்கொள்ளவில்லை. நான்தான் கதவுக் கைப்பிடியை விடவில்லை.

இறங்கினால் ஓட்மன். சுரங்கக்காரர்கள் விட்டுப்போன கழுதைகளின் வம்சம் நடுத்தெருவில் நிற்கும். கண்ணாடியை இறக்கினால் தலையை உள்ளே விட்டுவிடும். மடியில் இருந்த வரைபடத்தின் ஒரு மூலை எங்களுக்கு அப்படித்தான் போனது.

நேரம் மிஞ்சினால் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்கா. பழைய 66 உள்ளே ஓடிய தேசியப் பூங்கா இது ஒன்றுதான். தார் போய்விட்டது, வரிசையாக நிற்கும் தந்திக் கம்பங்களும், துருப்பிடித்த 1932 ஸ்டூடிபேக்கர் கார் ஒன்றும் சாலை எங்கே போனது என்று காட்டுகின்றன.

கேள்வி (சிங்கப்பூர்): சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

சமாளிக்கலாம், ஆனால் இல்லினாயிலும் மிசூரியிலும் உருளைக்கிழங்கு வறுவலும் 'பை' என்ற இனிப்புப் பண்டமும்தான் கதி. ஒரு சின்ன ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், ஊறுகாய், ஐஸ்பெட்டியில் தயிர். இவை இருந்தால் கவலையில்லை. நியூ மெக்சிகோ வந்துவிட்டால் நாக்குக்கு உயிர் வரும். "ரெட் ஆர் கிரீன்?" என்று எந்த மிளகாய்ச் சாறு வேண்டுமென்று கேட்பார்கள், இரண்டும் வேண்டுமென்றால் "கிறிஸ்துமஸ்" என்று சொல்லவேண்டும். பீன்ஸைப் பன்றிக்கொழுப்பில் வேகவைத்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐ-40 ஓரம் டிரக் நிறுத்தங்களில் பஞ்சாபி தாபாக்கள் இருக்கின்றன, நம்மூர் டிரைவர்கள் நிறையப் பேர் அந்தத் தடத்தில் ஓட்டுவதால். சுடச்சுட ரொட்டியும் பருப்பும். மோட்டல்கள் பலவற்றை நடத்துவது குஜராத்திகள். நியூ மெக்சிகோவில் ஒரு மோட்டலில் சாவி வாங்கப் போனபோதே ஊதுபத்தி வாசம் வந்தது. கல்லாவில் இருந்த அம்மா என் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு, ரைஸ் குக்கரை அறையில் வைத்தால் புகை அலாரம் அடிக்கும், பின்பக்கத் திண்ணையில் பிளக் இருக்கிறது என்றார்.

கேள்வி (லண்டன்): எல்லாரும் இதைப் பொற்காலம் என்கிறார்கள். எல்லோருக்கும் அப்படித்தான் இருந்ததா?

இல்லை. 1930-களின் புழுதிப்புயல் காலத்தில் நிலத்தை இழந்து ஓக்லஹோமாவிலிருந்து மேற்கே போன குடும்பங்களுக்கு இது பிழைப்பு தேடிப்போன பாதை. 1936-இல் லாஸ் ஏஞ்சலஸ் போலீசார் கலிஃபோர்னியா எல்லையிலேயே நின்று, கையில் காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

கறுப்பின மக்களுக்கு இன்னும் மோசம். வழியில் பல ஊர்களில் பொழுது சாய்ந்தபின் அவர்கள் இருக்கவே கூடாது என்றிருந்தது. எங்கே தங்கலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்று சொல்லும் கையேட்டை விக்டர் ஹியூகோ கிரீன் 1936-இல் வெளியிடத் தொடங்கினார், அது முப்பது ஆண்டு தேவைப்பட்டது. ஓக்லஹோமாவில் லூதர் ஊருக்கு அருகே த்ரெட் பெட்ரோல் நிலையம் என்று சிறிய கல்கட்டடம் ஒன்று இருக்கிறது, கறுப்பினக் குடும்பம் நடத்தியது. நியான் விளக்குகளைப் படமெடுக்க அரைமணி நிற்பவர்கள் அங்கே பத்து நிமிடமாவது நிற்கலாம்.

கேள்வி (டாலஸ்): பிள்ளைகளுக்குப் பிடிக்குமா? எங்கள் வீட்டில் இரண்டு வாண்டுகள்.

அமரில்லோவுக்கு மேற்கே கேடிலாக் ரேஞ்ச். 1974-இல் பத்து கார்களை மூக்கு மண்ணில் புதையும்படி வரிசையாக நட்டு வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் வண்ணம் அடிக்கலாம், ஸ்ப்ரே டப்பா கொண்டுபோங்கள். பெயிண்ட் மேல் பெயிண்ட் ஏறி, கதவு விளிம்பெல்லாம் உருண்டு தடித்துவிட்டது. கீழே விழுந்த ஒரு சில்லை உடைத்தால் உள்ளே வரிவரியாக வண்ண அடுக்குகள் தெரியும். காற்று பலமாக அடிக்கும் இடம், பழைய சட்டை போட்டுவிடுங்கள். ஓக்லஹோமாவில் கடூசா ஊரின் நீலத் திமிங்கலச் சிலை, அரிசோனாவின் ஹோல்புரூக்கில் கூடார வடிவ அறைகள் கொண்ட மோட்டல் இரண்டும் வாண்டுகளுக்கு நிச்சயம் பிடிக்கும். கூடார அறையை மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்யவேண்டும்.

கேள்வி (பீனிக்ஸ்): எலெக்ட்ரிக் காரில் முடியுமா?

முடியும். ஐ-40 ஓரம் சார்ஜர்கள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் ஆம்பாய் பக்கம் மட்டும் கணக்குப் போட்டுப் போங்கள். அங்கே பழைய மரப்பாலங்கள் வெள்ளத்தில் சேதமாகிச் சில பகுதிகள் மூடியே கிடந்தன. கிளம்புமுன் சான் பெர்னார்டினோ கவுன்ட்டியின் சாலை அறிவிப்புகளைப் பாருங்கள். இது பெட்ரோல் காருக்கும் பொருந்தும்.

கேள்வி (கோயம்புத்தூர்): இந்தியாவிலிருந்து வந்து வாடகைக் காரில் போகலாமா? காரைத் திரும்ப சிகாகோவுக்கே கொண்டுபோகவேண்டுமா?

வேண்டாம், ஒருவழி வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் வேறு ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டு, சில சமயம் அதுவே வாடகைக்குச் சமமாக வரும். எதிர்த்திசையில், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சிகாகோவுக்கு என்ன விலை என்றும் பார்த்துவிடுங்கள். குறைவாக இருந்தால் கிழக்கு நோக்கி ஓட்டுங்கள், மாலை வெயில் தொல்லையும் இருக்காது. ஆங்கிலத்தில் அச்சிட்ட உரிமமும், ஊர் ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இரண்டும் கையில் இருக்கட்டும். காரை விமான நிலையத்திலேயே திருப்பிக் கொடுங்கள், பியர் பக்கத்தில் பார்க்கிங் கட்டணம் மணிக்கணக்கில் ஏறும்.