ப்ரோகிராமிங் தெரியாத ஒருவருக்கு அதன் அடிப்படைகளை வீட்டு உதாரணங்களை வைத்துப் புரியவைக்க முடியுமா?

முடியும். ஆனால் எந்த உதாரணமும் ஓர் இடத்தில் காலை வாரிவிடும். கோடை விடுமுறையில் அக்கா மகளுக்கு பைத்தான் என்ற கணினி மொழியைச் சொல்லித்தரப் போய் அதில் நானே மாட்டிக்கொண்டேன்.

"வேரியபிள்னா என்ன மாமா?" என்றாள். எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன்: அஞ்சறைப்பெட்டி. கிண்ணத்துக்கு ஒரு பெயர், உள்ளே ஒரு பொருள். இரண்டு நாள் நன்றாகத்தான் போனது. மூன்றாம் நாள் இப்படி எழுதினாள் (2008-இல் வந்த பைத்தான் 3-லிருந்து வேரியபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், இது அப்படியே ஓடும்):

அம்மா_லிஸ்ட் = ["அரிசி", "பருப்பு"]
பாட்டி_லிஸ்ட் = அம்மா_லிஸ்ட்
பாட்டி_லிஸ்ட் += ["வெற்றிலை"]

அம்மா லிஸ்டை பிரிண்ட் பண்ணினால் அதிலும் வெற்றிலை! "பாட்டி கிண்ணத்துலதானே போட்டேன்?" என்று முறைத்தாள். என் அஞ்சறைப்பெட்டியில் இதற்குப் பதில் இல்லை.

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டுக் கேட்டேன்: "உனக்கு நான் மாமா. என் பையனுக்கு அப்பா. நாளைக்கு நான் மீசையை எடுத்துட்டா, மாமாவுக்கு மட்டும் மீசை போயி அப்பாவுக்கு இருக்குமா?" சிரித்துவிட்டாள். இரண்டாவது வரி செய்தது அவ்வளவுதான். புது லிஸ்ட் எதுவும் பிறக்கவில்லை, இருக்கிற ஒரே லிஸ்டைக் கூப்பிட இன்னொரு முறை கிடைத்தது. பாட்டிக்குத் தனி லிஸ்ட் வேண்டுமென்றால் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும்:

பாட்டி_லிஸ்ட் = அம்மா_லிஸ்ட்[:]

மறுநாள் அடுத்த குண்டு. "நம்பரை வச்சு இதையே பண்ணினா ஒண்ணு மாறினா இன்னொண்ணு மாறலையே?" ஐந்து என்கிற எண், மீசை எடுக்கிற ஆள் இல்லை. அதோடு ஒன்று கூட்டினால் ஐந்தே ஆறாகிவிடாது. அந்தப் பெயர்தான் ஐந்தை விட்டுவிட்டு ஆறோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

அதற்காக அஞ்சறைப்பெட்டியைத் தூக்கிப் போடவும் வேண்டாம். சி மொழி கற்பவருக்கு அது கச்சிதம். அங்கே ஒரு முழு எண்ணுக்கு வேரியபிள் வைத்தால் மெமரியில் நிஜமாகவே ஒரு கிண்ணம் (பெரும்பாலும் 4 பைட்) ஒதுங்கும், மதிப்பு அதில் நகலாகும்.

ஃபங்ஷனுக்கு (ஒன்றைக் கொடுத்தால் வேலை செய்து இன்னொன்றைத் திருப்பித் தரும் ப்ரோகிராம் துண்டு) நான் சொல்வது மாவு மில். கோதுமையைக் கொட்டினால் கோதுமை மாவு, ராகியைக் கொட்டினால் ராகி மாவு, உள்ளே என்ன சுற்றுகிறது என்று நமக்குத் தெரிய வேண்டாம். மிளகாய் அரைத்த கையோடு அதே மிஷினில் ராகியைக் கொட்டினால் மட்டும் கஞ்சி காரமடிக்கும். கொடுத்தது அதே ராகி, வந்தது வேறு ருசி. குளோபல் வேரியபிளை (எல்லா ஃபங்ஷனுக்கும் பொதுவான வேரியபிள்) நம்பி எழுதிய ஃபங்ஷனும் இதே கதைதான், முன்னால் வந்தவரின் மிச்சம் உள்ளே ஒட்டியிருக்கும். மில்லில் மிளகாய்க்குத் தனி மிஷின் வைப்பது சும்மா இல்லை.

இஃப்-எல்ஸுக்கு உவமையே வேண்டாம். "மழை வந்தா துணியை எடு" என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்புக்கு நவக்கிரகம். ஒன்பது சுற்று. பைத்தானில் எத்தனை சுற்று என்று எண்ணித் தரும் range(1, 9) என்று எழுதினால் எட்டுதான் வரும், கடைசி எண்ணை அது சேர்க்காது. range(9) என்றால் பூஜ்யத்தில் தொடங்கி எட்டு வரை, மொத்தம் ஒன்பது. ஏன் பூஜ்யம் என்று அவள் கேட்டதால் கோவிலுக்கே கூட்டிப்போனேன். கிளம்பும்போது என்ன எண், திரும்பி வந்து நிற்கும்போது என்ன எண் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே சுற்றச் சொன்னாள்.

நான் கிளம்பும்போதே "ஒண்ணு" சொல்கிற ஆள். "ஒன்பது" என்றதும் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். இத்தனை வருஷமாக எட்டுச் சுற்றுதான் சுற்றியிருக்கிறேன்.