ஒரே கிணற்றுத் தண்ணீர்: ஹீற் ஆகும் எஞ்சினும் கறள் பிடிக்கும் கதவும்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார்:

"கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீற்றருக்குள் வீடு. போன வருடம் 1997ஆம் ஆண்டுத் தயாரிப்பான '110' கொரொல்லா ஒன்று வாங்கினேன். 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சின். டவுனுக்குள் ஓடும்போது பிரச்சினை இல்லை. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் ஏசி போட்டுக்கொண்டு வேகமாகப் போனால் ஹீற் மீற்றர் ஊசி ஏறுகிறது. வேகத்தைக் குறைத்தால் இறங்கிவிடும். கராஜில் காட்டியபோது, 'எங்கட வெயிலுக்கு இது தேவையில்லை' என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டார்கள். அதன் பிறகும் ஏறுகிறது. றேடியேற்றரில் குறையும்போது வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறேன். முன்கதவு இரண்டின் அடியிலும் பெயின்ற் கொப்புளம் போல எழும்புகிறது. அடியில் கழிவு ஒயில் பூசச் சொல்கிறார்கள். வீட்டில் நானே என்ன செய்யலாம், எதில் கை வைக்கக் கூடாது?"

தம்பி, நீங்கள் இரண்டு நோய் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரே நோயாகத்தான் தெரிகிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துக் கரையோரக் கிணறுகளில் பல உவர்க் கிணறுகள். அந்தத் தண்ணீரை உள்ளே ஊற்றுகிறீர்கள், வெளியே காரையும் பெரும்பாலும் அதாலேயே கழுவுவீர்கள். உள்ளே றேடியேற்றர் அடைக்கிறது, வெளியே தகரம் கறள் பிடிக்கிறது. தண்ணீரை மாற்றாமல் வேறு எதை மாற்றினாலும் ஆறு மாதத்தில் மறுபடி இதே இடத்துக்குத்தான் வருவீர்கள்.

முதலில் ஹீற். நீங்கள் எழுதிய ஒரு விவரம் பாதி வேலையை முடித்துவிட்டது: டவுனில் சரி, வேகத்தில் ஏறுகிறது. கார் நிற்கும்போதும் ஊரும்போதும் றேடியேற்றருக்குக் காற்றைக் கொடுப்பது மின்விசிறி. அது பழுதென்றால் மணிக்கூட்டுக் கோபுரச் சந்தியில் காத்து நிற்கும்போதே ஊசி ஏறியிருக்கும். நெடுஞ்சாலையில் காற்று தாராளம், ஆனால் எஞ்சின் உண்டாக்கும் சூடும் பல மடங்கு. அந்த நேரத்தில் ஏறுகிறதென்றால் பெரும்பாலும் றேடியேற்றருக்குள் தண்ணீர் போதிய அளவு ஓடவில்லை என்று அர்த்தம். உவர்த் தண்ணீரிலும் கடினத் தண்ணீரிலும் உள்ளவை சூட்டில் படிந்து, மெல்லிய குழாய்களைக் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பு போல அடைத்துவிடும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டு வாருங்கள். எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மின்விசிறி தானாகவே சுற்றத் தொடங்கக்கூடும். பிறகு றேடியேற்றர் முகத்தில் கையை அருகே கொண்டுபோய் மேலிருந்து கீழாக நகர்த்துங்கள். சூடு சீராகக் குறைந்துகொண்டு வர வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் அந்தக் குழாய்கள் அடைபட்டுவிட்டன. பித்தளை றேடியேற்றர் என்றால் கழற்றித் துப்பரவு செய்யலாம். மேலே பிளாஸ்ரிக் தொட்டியுள்ள அலுமினியம் என்றால், அந்தப் பிளாஸ்ரிக் பழுப்பு நிறமாகி வெடிப்பு விடத் தொடங்கியிருந்தால், துப்பரவுக்குக் காசு செலவழிக்காதீர்கள். புதியது வாங்குங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் பழையது மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் அதற்குள் யார் எந்தத் தண்ணீரை ஊற்றினார்களோ.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஹெட்லைற் அல்லது ஏசி போட்ட அந்த நொடியிலேயே ஊசி துள்ளி ஏறுகிறதா? அவ்வளவு தண்ணீர் ஒரு நொடியில் சூடாகாது. அப்படியென்றால் அது ஏர்த் வயரின் பிழை. பற்றரியின் மறை (−) பக்கத்திலிருந்து பொடிக்கும் (காரின் தகர உடல்) எஞ்சினுக்கும் போகும் வயர்களின் முனை, கடற்காற்றில் பூத்துப்போயிருக்கும். கழற்றி, உரசிப் பளபளப்பாக்கி, இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். பற்றரி முனைகளில் பூத்திருப்பதை அப்பச்சோடா கலந்த வெந்நீரால் கழுவலாம். பற்றரி மூடிகளுக்குள் அது போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, தெர்மோஸ்டாட். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் திருகோணமலையில் ஓடும் பழைய கார்களில் இது இல்லாமல் ஓடுபவற்றை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மனம் வருந்துகிறது. வெயிலுக்கும் இந்த வால்வுக்கும் சம்பந்தமில்லை. எஞ்சின் தண்ணீர் 80 பாகைக்கு மேல் போகும்வரை மூடியிருந்து, அதன்பின் திறந்து, எஞ்சினை ஒரே சூட்டில் வைத்திருப்பது அதன் வேலை. அதைக் கழற்றினால் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வர நெடுநேரம் எடுக்கும். உங்களுடையது இலத்திரனியல் முறையில் பெற்றோல் பீச்சும் எஞ்சின். தண்ணீர் குளிராக இருப்பதை சென்சர் சொல்லச் சொல்ல, அது கூடுதல் பெற்றோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். காசு போகும், சிலிண்டர் தேயும். வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரத்துக்காகப் புகைப் பரிசோதனைக்குப் போகும்போதும் அங்கே சிக்கும்.

அது மட்டுமில்லை. அக்காலத்து டொயோட்டா பெற்றோல் எஞ்சின்கள் பலவற்றில் இந்த வால்வு இரட்டை வேலை செய்கிறது. றேடியேற்றர்ப் பாதையைத் திறக்கும்போதே, றேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குறுக்குப் பாதையை மூடிவிடும். வால்வு இல்லையென்றால் அந்தக் குறுக்குப் பாதை எப்போதும் திறந்தபடி. சூடான தண்ணீரில் ஒரு பங்கு றேடியேற்றரைக் காணாமலே திரும்பி வருகிறது. எஞ்சின் கடுமையாக உழைக்கும் நேரத்தில் அதனாலேயே ஹீற் ஏறலாம். ஆக, சூட்டைக் குறைக்கவென்று செய்த வேலை சூட்டைக் கூட்டியும் இருக்கலாம்.

புதிய வால்வு வாங்கியதும் சட்டியில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்கிப் பாருங்கள். சட்டியின் அடியைத் தொடக் கூடாது. அதில் அடித்திருக்கும் பாகை அளவில் (பெரும்பாலும் 82) திறக்கத் தொடங்கி, கொதிக்கும் முன் நன்றாகத் திறக்க வேண்டும். ஆற வைத்தால் முழுதாக மூட வேண்டும். ஓரத்தில் சின்ன ஆடும் ஊசி இருந்தால், கையேடு வேறு மாதிரிச் சொன்னாலொழிய, அது மேல் பக்கம் வருமாறு பூட்டுங்கள். காற்று வெளியேறும் வழி அது.

இதைப் பூட்டும்போதே பழைய தண்ணீரை முழுதாக வெளியேற்றிவிடுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்து முகத்திலும் நெஞ்சிலும் வெந்துபோனவர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஹீற்றர் நெம்பை முழுச் சூட்டுப் பக்கம் தள்ளிவைத்து, றேடியேற்றரின் அடிப் பூட்டைத் திறந்து வடியவிடுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றி, ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி வடியுங்கள். தெளிவாக வரும்வரை இப்படியே. கடைசியில் கூலன்ற். உறையும் குளிர் இங்கே இல்லையே, எதற்குக் கூலன்ற் என்று கேட்பார்கள். அதன் பெரிய வேலை இங்கே கறளைத் தடுப்பது. கலந்தே வரும் வகையை வாங்குங்கள். கலக்க வேண்டியதென்றால் பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரைப் பாவியுங்கள். மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டு, ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றி, குறையக் குறைய நிரப்புங்கள். வடித்த பழையதை முற்றத்தில் விட்டுவிடாதீர்கள். கூலன்ற் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கினால் செத்துப்போகும்.

றேடியேற்றர் மூடியையும் மாற்றுங்கள். சின்னச் சாமான் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. அதில் 0.9 என்று அடித்திருந்தால், அந்த அழுத்தத்தைப் பிடித்துவைத்து, தண்ணீர் ஏறத்தாழ 118 பாகையில்தான் கொதிக்கும்படி செய்கிறது. அதன் றப்பர் இறுகிப்போனால் அந்தப் பலன் முழுவதும் போய்விடும். இவ்வளவு செய்தும் தண்ணீர் குறைந்துகொண்டே இருந்தால், ஒயில் மூடியின் உட்புறம் பால் கோப்பி நிறத்தில் களி படிந்திருந்தால், அல்லது திறந்த றேடியேற்றர் வாயில் எஞ்சின் ஓடும்போது விடாமல் குமிழி வந்தால், ஹெட் காஸ்கெற் (எஞ்சினின் தலைக்கும் கீழ்ப் பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம். அது கராஜ் வேலை. அதோடு தூரப் பயணம் வேண்டாம்.

இனிக் கறள். உண்மையில் என் கவலை எஞ்சினை விட இதில்தான். எஞ்சினுக்கு இன்னொரு எஞ்சின் வாங்கலாம். பொடி அழுகினால் கார் முடிந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் இந்தப் பழைய கார்கள்தான் எங்கள் குடும்பங்களைச் சுமந்தன. புதியவற்றின் விலையைப் பார்த்தால் இன்னும் பல வருடம் சுமக்கவும் வேண்டும்.

வாடைக் காலத்தில் காற்று கடலிலிருந்து நேராகக் கரைக்கு அடிக்கிறது. கோணேசர் கோயிலடியில் காரை நிறுத்திவிட்டு வந்து கண்ணாடியில் விரல் வைத்துப் பாருங்கள், பிசுபிசுக்கும். அது உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானாகவே கரையத் தொடங்கும். வாடைக் கால இரவுகளில் எங்கள் ஊரில் இது சர்வசாதாரணம். மழை பெய்யாத நாளிலும் உங்கள் தகரம் உப்புத் தண்ணீரில் நனைந்தபடி கிடக்கிறது. இதனால்தான் தறப்பாள் போட்டு இறுக்கி மூட வேண்டாம் என்கிறேன், ஈரம் உள்ளேயே நிற்கும். நாலு பக்கமும் காற்றோட்டமுள்ள கிடுகுக் கொட்டில் எவ்வளவோ மேல். கச்சான் காற்றுக் காலத்தில் தரைப் பக்கமிருந்து காய்ந்த காற்று வீசும். கறள் வேலைக்கு அதுதான் பருவம்.

கதவு அடியில் கொப்புளம் வருகிறதென்றால் நோய் உள்ளேயிருந்து வெளியே வந்துவிட்டது. மழைத் தண்ணீர் கண்ணாடி ஓர றப்பரைத் தாண்டிக் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அடி விளிம்பில் உள்ள சின்ன ஓட்டைகள் வழியாக அது வடிய வேண்டும். கடற்கரை மணலும் தூசியும் அந்த ஓட்டைகளை அடைத்துவிட்டால் கதவு தொட்டியாகிவிடும். ஒரு ஈர்க்கை விட்டுக் கிண்டிப் பாருங்கள், கறுப்புத் தண்ணீர் வடிந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். கதவின் உள் மட்டையைக் கழற்றி, உள்ளே நல்ல தண்ணீரால் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள்.

பிறகு கொப்புளத்தைச் சுரண்டுங்கள், தயங்க வேண்டாம். ஐம்பது சதக் காசளவு கொப்புளத்துக்குக் கீழே உள்ளங்கை அளவு கறள் இருக்கும். வெள்ளித் தகரம் தெரியும்வரை உரசி, எட்டாத குழிகளில் பொஸ்போரிக் அமிலம் கலந்த கறள் மாற்றி பூசி, அது காய்ந்தபின் அதன் போத்தலில் சொன்னபடி செய்து, எப்பொக்சி பிறைமர், பிறகு பெயின்ற். உள்பக்கத்துக்கு மெழுகு வகைப் பூச்சு. குத்தூசியால் குத்தினால் துளை விழும் இடத்தைப் புட்டியால் மூடாதீர்கள், அதை வெட்டி ஒட்டு வைக்க வேண்டும். அது ரிங்கர் வேலைக்காரரிடம் கொடுக்க வேண்டியது. கறளுக்கு மேல் தார்ப் பூச்சு அடிப்பதும் வேண்டாம், ஈரத்தை உள்ளே வைத்து மூடி போட்டதாகிவிடும்.

கழிவு ஒயில் பூசவே வேண்டாம். அது சஸ்பென்ஷன் புஷ்களையும் மற்ற றப்பர்களையும் ஊத வைத்துக் கெடுக்கும், பிறேக்கில் பட்டால் பிடிக்காது, தோலுக்கும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் முற்றம் மணல். சொட்டும் ஒயில் நேராக அந்தக் கிணற்றுக்குத்தான் இறங்கும்.

வாடைக் காலத்தில் வாரம் ஒருமுறை, கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றைக்கே, குழாய்த் தண்ணீரால் அடிப்பக்கத்தையும் சக்கர வளைவுகளின் உள்மடிப்பையும் கழுவுங்கள். மேலே பொலிஷ் போடும் நேரத்தை அடியில் செலவழியுங்கள்.

கீழே வேலை செய்வதென்றால் ஒன்று. ஜக்கில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் தலையை விடாதீர்கள். எங்கள் மணலில் ஜக் மெதுவாகப் புதைந்து சாயும், சத்தம்கூடக் கேட்காது. கீழே தடித்த பலகை போடுங்கள், ஸ்ராண்ட் இரண்டு வாங்கி அவற்றிலேயே காரை இருத்துங்கள், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சீமெந்துக் கல் அடுக்கி அதன்மேல் காரை ஏற்றி வைப்பது பல வீடுகளில் வழக்கம். அந்தக் கல் எச்சரிக்கை தராமல் ஒரேயடியாக நொறுங்கும். செய்யவே செய்யாதீர்கள்.

எதில் கை வைக்கக் கூடாது என்று கேட்டீர்கள். ஒயில், பில்ற்றர், பிளக், பற்றரி, கூலன்ற், கதவுக் கறள் எல்லாம் உங்கள் கைக்கு அடங்கும். பிறேக்கைப் பழக்கப்பட்டவரிடம் விடுங்கள், ஆனால் பிறேக் ஒயிலை மாற்றச் சொல்ல வேண்டியது நீங்கள். அதுவும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான். டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 அளவுக்கு இறங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். உங்கள் எஞ்சினில் ரைமிங் பெல்ற் (எஞ்சின் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைக்கும் பட்டி) இருக்கிறது. 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது. முந்திய சொந்தக்காரர் எப்போது மாற்றினார் என்பதற்கு ரசீதோ எஞ்சின் மூடியில் ஒட்டிய குறிப்போ இல்லையென்றால், மீற்றர் காட்டும் கணக்கை நம்பாமல் இப்போதே மாற்றிவிடுங்கள். தண்ணீர்ப் பம்பும் அந்தப் பெல்ற்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. திறந்த கையோடு அதையும் மாற்றச் சொல்லுங்கள், இரண்டு தடவை கூலி கொடுக்க வேண்டியதில்லை.